காப்பு அறுக்கும்வரை

ஆகஸ்ட் 16, சனி

நேர்ந்துகொண்டது அவள், பட்டினி கிடக்கப்போவது நான். நல்ல நியாயம்.

ஆடி மாதம் எனக்கு வயிற்றுவலி வந்து திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டாக்டர் ஈரல் படத்தைக் காட்டி என்னென்னமோ சொன்னார். என் மனைவி தங்கபுஷ்பம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். இவர் எழுந்து நடந்தால் தசராவுக்குக் காளி வேசம் கட்டுவார் என்று. நேர்ந்ததுதான் நேர்ந்தாள், ஒரு போலீஸ் வேசம், குரங்கு வேசம் என்று நேர்ந்திருக்கக் கூடாதா? அதற்கெல்லாம் கொஞ்ச நாள் விரதம் போதும். காளிக்குத்தான் எல்லாவற்றையும்விட நீண்ட விரதம். ஆவணி பிறந்ததும் மாலை போட்டால் புரட்டாசியில் காப்பு அறுக்கும்வரை கழற்ற முடியாது.

முதல் வருடமே காளியா என்று கேட்டேன். லிங்கதுரை அண்ணாச்சி வீட்டு மதினிதான் சொன்னாளாம், கட்டினால் காளிதான் கட்ட வேண்டும் என்று. அண்ணாச்சி எங்கள் புன்னைக்காட்டுவிளை தசரா குழுவுக்குத் தலைவர். வருடா வருடம் காளி கட்டுகிறவர். அந்த வீட்டில் போய் யோசனை கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? மீன்காரனிடம் போய்க் கத்திரிக்காய் வாங்கலாமா என்று கேட்டால் எப்படி இருக்கும்?

இன்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட் செய்யச் சொல்லிப் பட்டறைக்கு வந்தார். நாளைக்குத் தசராவுக்கு மாலை போடுகிறேன் என்றதும், மைசூர் தசரா தெரியும், இதென்ன என்றார். விளக்கினேன். எங்கள் கடற்கரையில் முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் ஒரே பீடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தசரா பத்து நாளும் லட்சம் பேர் வேசம் கட்டி வீடு வீடாகப் பிச்சை எடுத்து, எடுத்ததை அம்மனுக்குப் போடுவார்கள். கார் வைத்திருப்பவனும் எடுப்பான், கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவனும் எடுப்பான். "நீங்களுமா?" என்றார். பட்டறை முதலாளியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

இந்த டைரி சிமெண்ட் கடைக்காரன் கொடுத்தது. ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. இனிமேல் சாயங்காலங்களில் கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே, அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குலசைக் கடலில் முங்கி எழுந்து மாலை போட்டாயிற்று. சிவப்பு வேட்டி, சிவப்புத் துண்டு. காலில் செருப்பு கிடையாது. ஒரு வேளை பச்சரிசிச் சோறு, அதுவும் நானே பொங்க வேண்டும். வீட்டு முற்றத்தில் எனக்கென்று ஓலையில் ஒரு குடில். யாரும் என்னைத் தொடக்கூடாது, நானும் யாரையும் தொடக்கூடாது. கோபப்படக்கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. குடிக்கிற விஷயத்தை அண்ணாச்சி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், என்னமோ நான் பெரிய குடிகாரன் மாதிரி. உழைக்கிறவன் சாயங்காலம் கொஞ்சம் போடுவான். அதற்குப் பெயர் குடியா?

புஷ்பம் என்னை இன்றிலிருந்து "சாமி" என்கிறாள். மகள் தர்ஷினியும் அப்படியே. காதுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

தலைவலி. கை நடுக்கம். வெல்டிங் ராடைப் பிடிக்க முடியவில்லை. எல்லாம் இந்தப் பச்சரிசியால் வருவது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நடுக்கம் விட்டது. செருப்பில்லாமல் வெல்டிங் செய்வது எப்படி என்று எவனாவது புத்தகம் போட்டால் வாங்குவேன். பொறி விழுந்து வலது பாதத்தில் மூன்று கொப்புளம்.

சாயங்காலம் தர்ஷினி புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு குடில் வாசலுக்கே வந்துவிட்டாள். எட்டாம் வகுப்புக் கணக்கு. பரப்பளவு என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தகடு வெட்டுகிறவனுக்குத் தெரியாத பரப்பளவா? சொல்லிக்கொடுத்தேன். "சாமி, உங்களுக்கு இவ்வளவு தெரியுமா?" என்றாள். பதின்மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இப்போது கேட்கிறாள்.

இன்னொரு விஷயம். புஷ்பத்துக்கு விசில் அடிக்கத் தெரியும்! மாவு ஆட்டிக்கொண்டே சன்னமாக ஒரு பாட்டை விசிலில் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அடிக்கட்டுமே, நானா வேண்டாம் என்றேன்?

விரதம் வந்ததில் வீட்டுக்கே ஒரு களை வந்திருக்கிறது. அம்மன் மகிமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு விரதம் மட்டும் இல்லையென்றால்!

பானை எடுக்கச் சமையல்கட்டு வாசல்வரை போனேன். கதவில் ஒரு புதுத் தாழ்ப்பாள். புதிது என்றால் இந்த வருடத்தியது. என் பட்டறையில் செய்ததில்லை. ஊருக்கெல்லாம் கதவும் கேட்டும் செய்து கொடுக்கிற சுயம்புலிங்கத்தின் வீட்டிலேயே வேறொரு பட்டறைக்காரன் வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதுவும் என்ன லட்சணத்தில்? நாலு இடத்தில் சும்மா பொட்டு வைத்த மாதிரி பற்றவைத்திருக்கிறான். ஒரு மிதி மிதித்தால் கையோடு வந்துவிடும்.

யார் போட்டது என்று கேட்டேன். தர்ஷினி அம்மாவின் பின்னால் போய் நின்றாள். சரி, எலி தொல்லையாக இருக்கும், பெண்பிள்ளைகள் என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் பட்டறையிலிருந்து நல்ல தடியான தாழ்ப்பாளாக ஒன்று கொண்டுவந்து, முழுக்கப் பற்றவைத்து, எண்ணெயும் விட்டுக் கொடுத்தேன். இனி யானை வந்து முட்டினாலும் அசையாது. "எப்பிடி இருக்கு?" என்றேன். புஷ்பம் தாழ்ப்பாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் தாழ்ப்பாளைப் பார்த்தாள். அப்புறம் திடீரென்று சிரித்தாள். சிரித்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். முன்பல் ஒன்று உடைந்ததிலிருந்து அப்படித்தான் மூடிக்கொள்கிறாள். அது சித்திரை மாதம் இதே கதவு வேகமாகச் சாத்தியதில் பட்டது. கதவுதான். ஊரில் எவனும் கதவு சாத்துவதில்லையா?

செப்டம்பர் 15, திங்கள்

காளியின் பின்கைகளுக்கு இரும்புச் சட்டம் அடித்தேன். எட்டுக் கையும் தகரம். மற்றவர்கள் அட்டையில் செய்வார்கள். நம் பெயர் கெடக்கூடாதல்லவா.

செப்டம்பர் 23, செவ்வாய்

கொடியேறிவிட்டது. கோயிலில் வலது கையில் காப்பு கட்டினார்கள். மஞ்சள் கயிறுதான், ஆனால் கட்டியதும் கை கனத்தது. அவ்வளவு கூட்டத்திலும் அம்மனை ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தேன். பக்கத்தில் சாமி. இருவரும் அத்தனை நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினி பிறந்த புதிதில் நாங்களும் இங்கே வந்திருக்கிறோம். புஷ்பம் அன்றைக்கு என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்டதில்லை.

அப்புறம் வேசம். சிவப்புச் சேலை, முகத்தில் கருஞ்சிவப்புச் சாயம், வெள்ளிக் கோரைப்பல், தலையில் சடைமுடி, முதுகில் எட்டுக் கை, கையில் வாள். கண்ணாடியில் பார்த்தபோது என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. எங்கள் குழுவின் மேளம் முழங்கியதும் அண்ணாச்சிக்கு அருள் வந்து குதித்தார். எனக்கு ஒன்றுமே வரவில்லை. தலை அரித்தது, அவ்வளவுதான். சும்மா நிற்க முடியுமா? நானும் குதித்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

முதல் வீட்டில் கை நீட்டியபோதுதான் கவனித்தேன். ஆனி மாதம் கிரில் பாக்கிக்காக நான் வாசலில் நின்று சத்தம் போட்ட வீடு அது. அதே வாசலில் நின்று தர்மம் கேட்டேன். அந்த அம்மாள் என் காலில் விழுந்து கும்பிட்டு அரிசி போட்டாள். யாரென்று தெரியவில்லை அவளுக்கு.

பிச்சையைவிடப் பெரிய கூத்து குறி கேட்பது. காளி வந்து நின்றால் பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மேளம் நிற்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்கிறார்கள். அருள் இறங்கியவர்களுக்குக் கேட்டதும் சொன்னதும் ஒன்றும் ஞாபகம் இருக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் தெருவே சுற்றி நின்றாலும் அவர்களுக்குக் கூச்சம் இல்லை. பேசுவது மனிதனிடம் இல்லையே, அம்மனிடம்தானே. ஒருத்தி தன் மாமியாரின் சீட்டுப்பணத்தை எடுத்தது தான்தான் என்று அழுதாள். மாமியார் பக்கத்திலேயே நிற்கிறாள்! "மன்னிச்சேன் மகளே" என்றேன். மாமியாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேறு வழி? காளி மன்னித்த பிறகு மாமியார் எந்த மூலைக்கு?

எனக்கோ எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் இருக்கிறது. இதை இந்த டைரியைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் பொய்க் காளி என்று ஊர் காறித் துப்பும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று எங்கள் தெரு. எழுத முடியவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

வேசம் கட்டியவனுக்குச் சொந்த வீடும் பிச்சை எடுக்கிற வீடுதான். தாண்டிப் போகக்கூடாது. எங்கள் வாசலில் போய் நின்றேன். புஷ்பம் குளித்து, மஞ்சள் பூசி, சொம்போடு காத்திருந்தாள். என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கையால் தேய்த்துக் கழுவினாள். கொப்புளம் இருந்த இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்தாள். மாலை போட்டதற்குப் பிறகு என்மேல் அவள் கை பட்டது அப்போதுதான். தர்ஷினி வந்து திருநீறு வாங்கிக்கொண்டாள். பயமே இல்லாமல் கோரைப்பல்லை உற்று உற்றுப் பார்த்தாள்.

அப்புறம் புஷ்பம் மண்ணில் முட்டி போட்டு முந்தானையை ஏந்தினாள். மேளம் நின்றது. தெருப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி வீட்டு மதினி முன்னாலேயே நின்றாள். என் ஆரோக்கியத்துக்காகத்தான் கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்: "உன் புருசனுக்கு ஆயுசு கெட்டி, போ மகளே." நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"கேளு மகளே" என்றேன்.

"தாயே, நீ வந்தப்பெறவுதான் இது வீடா இருக்கு" என்றாள். குரல் நடுங்கவில்லை. "எம்புள்ள பயமில்லாமப் படிக்கா. நான் சோத்துல கை வச்சா முழுசாத் திங்கேன். பொழுது அடஞ்சா வாசல்ல சத்தம் கேக்குதான்னு காது குடுத்துக்கிட்டு இருக்க வேண்டாம். நீ மலையேறிப் போயிராத தாயே. இவரு ஒடம்புலயே இருந்துக்கோ. பழைய ஆளத் திருப்பி அனுப்பாத. எனக்கு அந்த ஆளு வேண்டாம்."

யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சத்தியமாக விளங்கவில்லை. எவனோ ஒருத்தன், இந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்த எவனோ என்று ஒரு நொடி நினைத்தேன். அவனை வெட்டலாமா என்றுகூடத் தோன்றியது. கையில்தான் வாள் இருந்ததே. அதற்குப் பிறகுதான் விளங்கியது.

எதிரில் தெருவே நிற்கிறது, ஒருத்தி வாயிலிருந்தும் "இப்படிச் சொல்லலாமா" என்று ஒரு சத்தம் இல்லை. யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்தேன். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். எனக்கு மட்டும்தான் அது புதுச் செய்தி.

"வாக்குக் குடு தாயே" என்றாள். நான் வாளை மறு கைக்கு மாற்றினேன். "வாக்குக் குடு" என்றாள் மறுபடியும்.

உடம்பு உதற ஆரம்பித்தது. நான் உதறவில்லை, அதுவாக உதறியது. முதுகில் எட்டுத் தகரக் கையும் தடதடவென்று அடித்துக்கொண்டன. பெண்கள் குலவை போட்டார்கள். வாய் காய்ந்து கோரைப்பல் கழன்று விழப் பார்த்தது. அந்தப் பல்லுக்கு நடுவிலிருந்து, என் குரல் மாதிரியே இல்லாத ஒரு குரலில், "அனுப்ப மாட்டேன்" என்று சொன்னேன்.

எதற்குச் சொன்னேன்? தெரியவில்லை. வேறு என்ன சொல்வது?

புஷ்பம் கும்பிட்டு எழுந்து அரிசி போட்டாள். அடுத்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னார்: "இன்னைக்கித்தான்ல ஒனக்கு நெசமா எறங்கிருக்கா."

செப்டம்பர் 30, செவ்வாய்

நான் செத்துப்போக வேண்டும் என்று வேண்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். உடம்பு வேண்டுமாம், பட்டறை வருமானம் வேண்டுமாம், ஆள் மட்டும் வேண்டாமாம். என்ன கணக்கு இது?

இரவும் பகலும் அதே வார்த்தை காதில் அடிக்கிறது. பழைய ஆள். பழைய பாத்திரத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதுபோல. கட்டியவளுக்கு ஒரு குறை வைத்தேனா? கல்யாணத்துக்குப் போட்ட நகை ஒன்றுகூட அடகுக்குப் போனதில்லை. மச்சினன் கல்யாணத்துக்கு ஓடி ஓடி உழைத்தேன். தர்ஷினிக்குக் காய்ச்சல் வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது யார்? அதெல்லாம் அம்மனிடம் சொல்லத் தோன்றவில்லையே.

எனக்கு ஞாபகம் இருக்காது என்ற தைரியத்தில் பேசிவிட்டாள். தெருவில் வைத்து மானத்தை வாங்கிவிட்டாள். இப்போது நான் சாமி. கோபப்படக்கூடாது, கை ஓங்கக்கூடாது. ஆகட்டும். வெள்ளிக்கிழமை காப்பு அறுப்பார்கள். மாலை கழன்ற பிறகு நான் சாமி இல்லையே. அப்போது கேட்டுக்கொள்கிறேன், எந்த ஆள் வேண்டாம் என்றாய், சொல்லு என்று.

அக்டோபர் 1, புதன்

காலையில் லேத் பட்டறை ஐகோர்ட்துரை போன் செய்தான். என் கூட்டாளி. நாளை காந்தி ஜெயந்தி, கடை மூடிவிடுவார்கள், அதனால் இன்றே வாங்கி வைத்துவிட்டானாம். "வெள்ளிக்கிழம காப்ப அறுத்துட்டு நேரா இங்க வாரும்வே, எல்லாம் ரெடி" என்றான். விரதம் முடிந்தால் அப்படித்தான், நிறையப் பேர் அப்படித்தான். சரி என்றேன். நாக்கில் தண்ணீர் ஊறியது உண்மை.

வேசம் கட்டக் கிளம்புமுன் தர்ஷினி குடில் வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சையில் கணக்கில் நல்ல மார்க். நான் சும்மா பேச்சுவாக்கில் கேட்கிறமாதிரிக் கேட்டேன், உனக்கு என்னைப் பார்த்தால் பயமா என்று.

"சாமியப் பாத்து எதுக்குப் பயப்படணும்?" என்றாள்.

சாமியை இல்லை, அப்பாவை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு எனக்கு ஒரே ஒரு காரணம்தான். பதில் தெரியும்.

அவளைத் தாண்டிச் சமையல்கட்டுக் கதவு தெரிந்தது. நான் போட்ட தாழ்ப்பாள். அது கதவின் உள்பக்கம் இருந்தது. எலிக்குப் பயந்து எவளாவது உள்ளே இருந்துகொண்டு தாழ் போடுவாளா? இத்தனை நாளும் அதன் வெல்டிங்கைப் பார்த்தேனே தவிர அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. நானே, என் கையாலேயே, என்னிடமிருந்து பூட்டிக்கொள்ள நல்ல தாழ்ப்பாளாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று வேறு கேட்டிருக்கிறேன். அதற்குத்தான் சிரித்தாள்.

சேலை கட்டிவிட வந்தவன் "என்ன அண்ணாச்சி, கண்ணு கலங்கிருக்கு" என்றான். சாயம் பட்டுவிட்டது என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

கடற்கரையில் சூரசம்ஹாரம். மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அசுரன் ஒவ்வொரு தலையாக மாற்றிக்கொண்டு வருகிறான், அம்மன் ஒவ்வொன்றாகக் குத்துகிறாள். எல்லாரும் ஓம் காளி ஜெய் காளி என்று கத்தினார்கள். நான் காளி வேசத்தில் நின்றுகொண்டு அசுரனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

காப்பு அறுத்தாயிற்று. கடலில் முங்கி மாலையும் கழற்றியாயிற்று. மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது.

வேனில் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எல்லாம் களைத்துத் தூங்கிவிட்டார்கள். போன் அடித்தது. ஐகோர்ட்துரை. எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. எடுக்காததால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பக்கத்தில் அண்ணாச்சி இருந்தார், அதனால் எடுக்கவில்லை.

அண்ணாச்சியிடம் கேட்டே விட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது, குறி கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறதா என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முன்னும் பின்னும் தலையைத் திருப்பி எல்லாரும் தூங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"என்னைக்குல மறந்துச்சு?" என்றார். "ஒண்ணுவிடாம இருக்கு."

அவருக்கு நிஜமாகவே அருள் வருகிறது என்றுதானே இத்தனை வருடம் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அருள் வருகிறதா இல்லையா என்று கேட்டேன். வரும், அது வேறு, காது என்ன செவிடா ஆகிவிடும் என்றார். பிறகு தானாகவே சொன்னார். அவர் காளி கட்டிய ரெண்டாம் வருடம் மதினி இதேபோல் முந்தானை ஏந்தி, திருச்செந்தூரில் ஒருத்தி வீட்டுக்கு இவர் போகிறார், அந்த வாசலை இவர் மிதிக்கக்கூடாது என்று வாக்குக் கேட்டாளாம். தெருவே நின்று கேட்டதாம். இவரும் மிதிக்க மாட்டான் என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

"போனீரா?"

"எப்பிடிப் போவ? வாக்குச் சொன்னது காளியில்லா. மீறிப் போனா அம்மன் பொய்யாயிருவா. எனக்கு ஞாபகம் இருக்குன்னு சொல்லிச் சண்ட போட்டா நான் பொய்யாயிருவேன். அப்பிடியே வாய மூடிக்கிட்டேன்."

மதினிக்கு அது தெரியாதே, உமக்கு ஞாபகம் இருக்கும் என்று தெரியாமல்தானே கேட்டிருப்பாள் என்றேன். அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"நம்ம ஊரு பொம்பளைங்களுக்கா தெரியாது? தெரிஞ்சிதாம்ல கேக்காளுவ."

அதற்கப்புறம் வேன் போன வழியெல்லாம் ஒன்றுமே எனக்குக் கண்ணில் படவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று காளி என்று நேர்ந்தாளே. போலீஸ் இல்லை, குரங்கு இல்லை, காளி. மதினியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து நேர்ந்தாளே. நான் என்னமோ என்னைச் சேலையில் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று பட்டறையில் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் இறங்கி நடந்தேன். பெண்கள் எல்லாம் வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், ஒருத்தி பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். யாரும் என்னைப் பார்க்காத மாதிரியே எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புஷ்பம் நடையில் நின்றாள். பக்கத்தில் தர்ஷினி. மூன்று நாளாக நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் இல்லை. அவள் முகத்தில் பயம் இருக்கிறதா என்று பார்த்தேன். கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் வெளுத்திருந்தது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை. சாமி என்று கூப்பிடவும் இல்லை, ஏங்க என்று கூப்பிடவும் இல்லை. தெருவுக்கே கேட்கிறமாதிரிக் கேட்டாள்:

"நம்ம தெருவுல வாக்குச் சொன்னது எதாவது ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றால் நான் காளியில்லை. அவள் நேர்ந்தது பொய், நான் குதித்தது பொய், சீட்டுப்பணத்தை மன்னித்ததுவரை எல்லாம் பொய். இல்லை என்றால் நான் கோபப்பட ஒன்றுமே இல்லை. கீரை ஆய்கிறவள் கை நின்றிருந்தது.

"இல்ல" என்றேன்.

"எனக்கு இருக்கு" என்றாள் புஷ்பம். "தெருவுக்கும் இருக்கு. அந்த ஆளு இனி வரமாட்டாருன்னு அம்மன் வாக்குக் குடுத்துட்டா." ஒரு அடி விலகி வழி விட்டாள். "நீங்க உள்ள வாங்க."

அப்புறம், புதிதாக ஒரு வீட்டுக்குப் போகிறவன்போல், எங்கே உட்கார வேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன்.